கரையானும் காரைச்சுவரும்

காரைக்குடியிலிருந்து வடக்கே செல்லும்போது பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்களுக்கு அண்மையில் அமைந்திருக்கும் கொத்தமங்கலம், செட்டிநாட்டு ஊர்களுக்குரிய இலட்சணங்கள் யாவும் ஒருங்கே பொருந்தியது. நேரான வீதிகள், ஒரு வீதியில் முகப்பும் அடுத்த வீதியில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள், மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊருணி என்று எல்லாம் அங்கே உண்டு. இந்த வீடுகளைப் பற்றி எழுதியவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியக் கண்ணாடியையும் வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் கரையானுக்குப் பேர்போன செம்மண் பூமியில், வண்டி வண்டியாக மரத்தைக் கொண்டுவந்து இறக்கிக் கட்டிய ஒரு வீடு, நூறாண்டு கடந்தும் உத்தரம் சரியாமல், நிலை உளுத்துப் போகாமல் எவ்வாறு நின்றது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நம்முடைய முன்னோர் பூச்சிகளோடு நடத்திய நீண்ட வழக்கின் சரித்திரமே நமக்குக் கிடைத்துவிடும்.

செட்டிநாட்டு நிலம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்தது; வருஷத்தின் பெரும்பகுதியில் வெயிலில் காய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும் மழையையே பெரிதும் நம்பியிருப்பது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசலை எல்லோரும் கண்டிருப்போம். கரையான் குடியிலிருந்து புதுக் குடியேற்றத்துக்குப் புறப்பட்ட ஆணும் பெண்ணுமே அவை. பறந்து இறங்கிச் சிறகை உதிர்த்த ஜோடிகளில் பெரும்பாலானவை பல்லிக்கும் குருவிக்கும் எறும்புக்கும் இரையாகின்றன. தப்பிப் பிழைத்த ஜோடி மண்ணுக்குள் புகுந்து ஒரு புதிய ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் போடுகிறது. அந்த ராஜ்யத்தின் வேலைக்காரக் கரையான் மிகவும் மெல்லிய உடல் படைத்தது. வெளிக்காற்றும் வெயிலும் பட்டால் உடலின் ஈரம் வற்றி மடிந்துவிடும். ஆகவே மண்ணை உமிழ்நீரில் குழைத்து, பென்சில் பருமனில் ஒரு குழாய் கட்டிக்கொண்டு, அதன் உள்ளிருட்டிலேயே நடந்து அது மரத்தை அடைகிறது. இருள், ஈரம், மண்ணின் தொடர்பு, தின்னுவதற்கு மரம் ஆகிய நான்கும் கூடிய இடத்திலேதான் அதற்கு வாழ்வு. செட்டிநாட்டு வீட்டைக் கட்டிய மேஸ்திரிகள் இந்தப் பூச்சி சாஸ்திரத்தைப் புத்தகத்தில் படித்திருக்க நியாயமில்லை. எனினும் அவர்கள் கட்டிய வீடு இந்த நான்கையும் ஒன்றோடொன்று சேரவொட்டாமல் பிரித்தே வைத்தது.

முதலில் அடித்தளத்தைக் கவனிக்க வேண்டும். தெருவிலிருந்து பல படிகள் ஏறித்தான் முகப்புக்குள் நுழைய முடியும். இந்த உயரத்தைச் செல்வத்தின் அடையாளமாகக் கொள்வோரும், வெள்ளத்துக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடாகக் கொள்வோரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே கருங்கல்லும் காரையும் கொண்ட ஓர் அகலமான வரம்பை அந்த உயரம் ஏற்படுத்திவிட்டது என்பதே என் கவனத்தை அதிகமாகக் கவர்வது. பட்டாலை என்னும் முன்கூடத்தின் தூண்கள் தேக்காக இருந்தாலும் அவை நிற்பது கருங்கல் பீடத்தின்மேல். வளவு என்னும் உள்வீட்டின் முற்றத்தில் விழும் மழைநீர், கல் பாவிய தரையின் சரிவில் ஓடி, வாய்க்கால் வழியாக வெளியேறிவிடும். சுவரின் காலடியில் ஒரு நாளும் தேங்கி நிற்காது. வெயிலும் காற்றும் அந்த முற்றத்தின் வழியே ஒவ்வொரு கட்டுக்குள்ளும் இறங்கி, ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும்.

அடுத்தது சுவர். சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுச் செக்கில் அரைத்த காரையைப் பல பூச்சாகப் பூசி, மேல்பூச்சுக்குச் சலித்தெடுத்த நயமான சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, கல்லால் இழைத்து இழைத்து மெருகேற்றிய அந்தச் சுவரின் வழவழப்பை இன்றும் கையால் தடவிப் பார்க்கலாம். சுண்ணாம்பின் காரம் பூசணத்தை அண்டவிடாது என்பது அதன் ஒரு நன்மை. அதைவிடப் பெரிய நன்மையாக எனக்குத் தோன்றுவது வேறு. வெள்ளைத் தாளில் மைக்கோடு விழுந்தாற்போல, கரையானின் செந்நிற மண்குழாய் அந்தச் சுவரில் தலைகாட்டிய அன்றே வீட்டார் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் பட்டதும் துடைப்பத்தால் தட்டிவிடுவதோடு காரியம் முடிந்துவிடாது. குழாயின் நடுவில் விரற்கடை அளவு மட்டும் உடைத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து பார்க்க வேண்டும். உடைத்த இடத்தில் புதிய ஈரமண் பூசப்பட்டிருந்தால் உள்ளே போக்குவரத்து நடக்கிறது. காய்ந்தபடியே கிடந்தால் அந்த வழி கைவிடப்பட்டது. நடக்கிற குழாயைப் பின்பற்றிக் கீழே சென்றால் எந்த விரிசலிலிருந்து அது புறப்பட்டது என்பது தெரிந்துவிடும். அந்த விரிசலைக் காரையிட்டு அடைப்பதே சரியான சிகிச்சை. இன்று பூச்சித் தடுப்புத் தொழிலில் பயிற்சி பெற்றவர்கள் டார்ச்சு விளக்கோடு வந்து செய்யும் சோதனையும் இதுவேதான்.

மரத்தின் கதை கடல் கடந்தது. 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பு நிலங்கள் நெல்வயல்களாக மாறியபோது, அந்த விவசாயத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் தலைமையானவர்கள் செட்டிநாட்டு வணிகரான நகரத்தார். 1929-30-ல் கூடிய பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு, அவர்கள் அந்நாட்டில் இட்டிருந்த முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்த வரவின் ஒரு பகுதிதான் கொத்தமங்கலத்திலும் அதன் அயலூர்களிலும் வீடாக எழுந்தது. அதே பர்மாவின் காடுகளில் தேக்கை வெட்டும் முறை கவனிக்கத் தக்கது. வெட்டிய ஈரத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதன் கீழுள்ள வெண்மரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டு, பின்பு வெட்டி யானையைக் கொண்டு இழுத்து ஆற்றில் விடுவார்கள். 1856-ல் பெகுப் பிரதேசத்துத் தேக்குக் காடுகளுக்கு அதிகாரியாக வந்த டீட்ரிக் பிராண்டிஸ், எந்தப் பருமனுள்ள மரத்தை எத்தனை வெட்டலாம் என்று கணக்கிட்டு, அந்தத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார். தேக்கின் அருமை எத்தகையது என்றால், பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கும் மாண்டலே தர்பாருக்கும் மரக் கணக்கில் எழுந்த தகராறே 1885-ல் மூண்ட யுத்தத்துக்கு முகாந்தரமாயிற்று. அதன் முடிவில் மேல் பர்மாவும் சுதந்திரம் இழந்தது.

தேக்கைக் கரையான் தொடாது என்று பொதுவாகச் சொல்லுகிறோம். வைரம் பாய்ந்த உள்மரத்துக்கே அது பொருந்தும். அந்த உள்மரத்தில் இயற்கையாக ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையும், டெக்டோகுவினோன் முதலிய இரசாயனப் பொருள்களும் கரையானுக்கு ஆகாதவை. வெளிப்புறத்து வெண்மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தேக்கேயானாலும் வெண்மரத்தைக் கரையான் தின்றுவிடும். தேர்ந்த தச்சர் வெண்மரத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தையே நிலைக்கும் உத்தரத்துக்கும் எடுத்ததன் காரணம் இதுதான். பர்மியரோ இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். யெனாங்யாவுங்கில் கையால் தோண்டிய கிணறுகளில் ஊறிய கச்சா எண்ணெயைத் தங்கள் மர வீடுகளுக்கும் படகுகளுக்கும் பூசிவந்தார்கள். 1795-ல் பர்மிய அரசரிடம் தூது சென்ற மைக்கேல் சைம்ஸ் இதைத் தம் நூலில் குறித்திருக்கிறார். நம் பக்கத்தில் அதற்குப் பதிலாகக் கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயும் வேப்பெண்ணெயும் பூசுவது வழக்கம். முந்திரிக்கொட்டை எண்ணெய் கையில் பட்டால் தோல் பொத்துவிடும். அவ்வளவு காரமானதாகையால் மரத்தை நாடிவரும் பூச்சி அதைக் கண்டால் ஒதுங்கிவிடும்.

கல்லும் காரையும் தேக்கும் வீட்டின் உடம்பு. அந்த உடம்பை நாள்தோறும் நோய் அணுகாமல் காத்தவர்கள் பெண்கள். வட்டிக்கடைக்குச் சென்ற ஆடவர் ஒரு கணக்குக்கு மூன்று வருஷம் என்று இரங்கூனிலோ மோல்மேனிலோ பினாங்கிலோ தங்கிவிட, இத்தனை கட்டுகளையும் அறைகளையும் அவற்றில் நிறைந்த சீர் சாமான்களையும் நிர்வகித்த பொறுப்பு ஆச்சிமாரிடமே இருந்தது. பூச்சித் தடுப்பின் சரித்திரத்தை எழுதுவோர் இரசாயன சாஸ்திரிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுகிறார்கள். அந்த வரிசைக்கு முன்னால் வைக்க வேண்டியவர்கள் பெயர் தெரியாத இந்த ஆச்சிமார் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அவர்கள் செய்த காரியங்களில் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்லுகிறேன். அறுவடையான துவரையைச் செம்மண் கட்டி வைப்பது. வயல் செம்மண்ணைக் கட்டியில்லாமல் சலித்து, நீர்விட்டுக் குழம்பாக்கி, துவரையை அதில் கொட்டிப் புரட்டி, ஒவ்வொரு மணியிலும் சிவப்புப் பூச்சுப் பிடித்தபின் முற்றத்து வெயிலில் பரப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று வெயில் காய்ந்ததும் மணிகளைக் கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். அந்த ஒலி வராவிட்டால் இன்னும் ஒரு வெயில். “ஆச்சி, இது போதுமா?” என்று வேலைக்காரப் பெண் கேட்டால், ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகே பதில் வரும். காய்ந்த மணியின்மேல் ஒட்டியிருக்கும் நுண்மண், வண்டின் உடல்மேலுள்ள மெழுகுப் படலத்தைத் தேய்த்து அதன் ஈரத்தை வாங்கிவிடுகிறது. மணியின்மேல் முட்டையிடுவதற்கும் தடையாகிறது. தட்டைப் பயறுக்கும் பாசிப்பயறுக்கும் விளக்கெண்ணெய் தடவுவதிலும் இதே நுட்பம் உண்டு. எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் புகாமல் செய்துவிடுகிறது. அரிசியில் வசம்பும் வேப்பிலையும், பருப்பில் காய்ந்த மிளகாயும், நெற்குதிரில் நொச்சித் தழையும் இட்டார்கள். எலிக்கு மூடியுள்ள பித்தளை அண்டாக்களும் வீட்டுப் பூனையும் போதுமானவையாயிருந்தன. கட்டிலின் மூட்டைப்பூச்சிக்கு வெயிலும் கொதிநீருமே மருந்து. சாம்பிராணிப் புகை வெள்ளிக்கிழமைதோறும் கடைசிக் கட்டு வரையில் சென்றது. பூஜைக்காகச் செய்ததாயினும், வாரம் ஒரு முறை யாராவது ஒருவர் ஒவ்வொரு அறையையும் திறந்து உள்ளே போய் வந்தார் என்பதே அதனால் வந்த பெரும் பலன்.

ஏடும் காகிதமும் தனிக் கவலைக்குரியவை. இரங்கூன் கணக்குப் பேரேடுகளும், குடும்பப் பத்திரங்களும், தமிழ் ஏட்டுச் சுவடிகளும் பெட்டகங்களில் இருந்தன. வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் பெட்டகத்துள் இட்டு, சுவடிகளுக்கு மஞ்சளும் வசம்பும் சேர்ந்த எண்ணெய் தடவி, செம்மண் நிறத் துணியில் சுற்றி வைத்தாலும், ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பிரித்துப் பார்க்காத ஏடு கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்குமே சொந்தம். 1942-ல் மறைந்த உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தபோது, நம் இலக்கியத்தில் எவ்வளவு பகுதி பூச்சியின் வயிற்றில் போயிற்று என்பதைக் கண்டு எழுதிய துக்கம் தமிழர் யாவரும் அறிந்தது. கொத்தமங்கலத்துக்கு அருகிலேயே, கோட்டையூரில், ரோஜா முத்தையா செட்டியார் சுமார் ஒரு லட்சம் நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துக் காத்தார். 1992-ல் அவர் காலமான பின்பு சிகாகோ சர்வகலாசாலை அந்தச் சேகரத்தை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக ஸ்தாபிக்க உதவியது. கரையான் பூமியில் ஒரு தனி மனிதர் காகிதத்தைக் காத்த அந்தச் சாதனையை நாம் போதிய அளவு போற்றவில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஆதாரத்தில் நின்றது: வீட்டில் ஆள் இருந்தார்கள். அந்த ஆதாரம் பர்மாவில் உடைந்தது. 1930-க்குப் பின் நெல்விலை வீழ்ந்து, கடன் கொடுத்தவர் கைக்கு விருப்பமில்லாமலே நிலம் வந்து சேர்ந்தது. 1941 டிசம்பரில் இரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942-ல் இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். 1948-க்குப் பின் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. வரவு நின்ற பிறகு குடும்பங்கள் சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தன. வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவாகி, ஒரு காவல்காரர் கையில் சாவியாக நின்றது.

ஆள் போன அதே காலத்தில் விஷம் வந்தது. பால் முல்லர் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி 1939-ல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் சக்தியைக் கண்டார். 1948-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். 1953-ல் நம் அரசாங்கம் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்க, ஊழியர்கள் வீடு வீடாக வந்து சுவரில் மருந்து தெளித்துவிட்டு, தெளித்த தேதியை வாசற்சுவரில் எழுதிப் போனார்கள். அந்த மருந்து செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லுவது பாவம். ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைப் பிடித்த மலேரியா, 1965 அளவில் ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கிற்று. ஆனால் கொசு அந்த விஷத்துக்குப் பழகிக்கொண்டது, கண்காணிப்பும் தளர்ந்தது, 1976-ல் நோயாளிகள் 64 லட்சமாயினர். அதற்குள் டி.டி.டி.யும் காமாக்சின் பவுடரும் அடுக்களை மூலை வரைக்கும் வந்துவிட்டன; கரையானுக்கு ஆல்டிரினும் குளோர்டேனும் ஹெப்டாகுளோரும் அஸ்திவாரத்தில் ஊற்றப்பட்டன. மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடப்பதுதான் அவற்றின் பெருமையாகச் சொல்லப்பட்டது. கிணற்று நீருக்கும் தாய்ப்பாலுக்கும் அந்தப் பெருமை எட்டும் என்பது பின்னர்தான் தெரிந்தது. 1958-ல் கேரளத்தில், பாரத்தியான் பூச்சிமருந்தோடு ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கொடுமையின் விளைவாகவே 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. கரையானுக்கு ஊற்றிய ஆல்டிரினும் குளோர்டேனும் ஹெப்டாகுளோரும் விலக்கப்படுவதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1959-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் நான்கு பூச்சியியல் நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்காமல், இத்தனை பெருகினால்தான் நஷ்டம் என்று ஓர் அளவை முதலில் வகுத்துக்கொண்டு, இயற்கைப் பகைகளையும் பிற உபாயங்களையும் ஒன்றுசேர்த்து, விஷத்தை இன்றியமையாத இடத்தில் மட்டும் கையாள வேண்டும் என்பது அவர்கள் சொன்ன முறை. வயலுக்காகச் சொன்ன அந்த ஒருங்கிணைந்த தடுப்பு முறை பிறகு கட்டிடங்களுக்கும் வந்தது. வாஷிங்டன் நகரத்து அரசாங்கக் கட்டிடங்களில் 1988 முதல் அதைக் கைக்கொண்டார்கள். மாதந்தவறாமல் எல்லா அறையிலும் மருந்தடிக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, ஓட்டையை அடைத்து, உணவுக் கழிவை மூடிவைத்து, பூச்சி இருக்கும் இடத்தைப் பொறிவைத்துக் கண்டறிந்த பின்பே மருந்தை எடுத்ததனால், பத்தாண்டுகளில் பூச்சிமருந்தின் உபயோகம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. நம் நாட்டிலும் 1971-ல் வெளிவந்த இந்தியத் தரக்குறிப்பு 6313, கரையான் தடுப்பை மூன்று பாகமாக வகுத்தபோது, முதற்பாகத்தை மருந்துக்குக் கொடுக்காமல் கட்டுமான முறைக்கே கொடுத்தது. அந்த முதற்பாகம் வேண்டுவதெல்லாம் மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே தடை, ஈரம் தங்காத அடித்தளம், குழாய் கட்டினால் கண்ணுக்குத் தெரியும் சுவர் என்பனவே. கொத்தமங்கலத்து மேஸ்திரி அவற்றைத் தரக்குறிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே கட்டி முடித்துவிட்டார். ஆயினும் பூச்சித் தடுப்பு நிறுவனங்கள் பல இன்றும் மூன்றாம் பாகத்தை மட்டுமே அறிந்தவைபோல் நடந்துகொள்வது வருந்தத்தக்கது.

அந்த மூன்றாம் பாகம் ஏற்கெனவே கட்டிய வீட்டுக்குரியது. சுவரோரத் தரையில் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்தை மண்ணுக்குள் செலுத்துவது அதன் முறை. சிமெண்டுத் தரைக்கு அது தகும். கண்ணாடிமேல் வண்ணக் காரை ஊற்றிக் கையால் வார்த்த ஆத்தங்குடிக் கல்லிலும், இழைத்த காரைத் தரையிலும் அடிக்கொரு துளை இடுவது, காக்க வந்த பொருளையே கெடுப்பதாகும். 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றபோது, கொத்தமங்கலமும் அவற்றுள் ஒன்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாரதா விலாஸ் என்ற வீடு, பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் இருவரின் முயற்சியால் பழுதுபார்க்கப்பட்டு, விருந்தினர் தங்கும் இல்லமாக அங்கே மறுவாழ்வு பெற்றிருக்கிறது. ஆள் நடமாட்டம் திரும்பிய வீடு அது. பூட்டிய வீடுகளில் பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றின் நிலைகளும் தூண்களும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன.

பூட்டிய வீட்டுக்குக் கரையான் பெரும்பாலும் கூரை வழியாக ஈரம் இறங்கிய பின்பே வருகிறது. குரங்கோ அணிலோ ஓர் ஓட்டை நகர்த்திவிடும். அந்த இடைவெளியில் ஐப்பசி மழை சொட்டுச் சொட்டாக உத்தரத்தின் நுனியில் விழும். நனைந்து காயாமல் நாட்பட்டு மெத்தென்றான மரத்தில் பூசணம் பற்றும். அதன்பின் கீழேயிருந்து மண்குழாய் ஏறும். வைரம் பாய்ந்த தேக்குக்கூட அந்த நிலையில் நெடுநாள் தாங்காது. ஆகவே, பங்காளிகள் பலர் கூடி ஒரு சிறு தொகையை ஒதுக்குவதாயிருந்தால், அதை முதலில் செலவிட வேண்டிய இடம் மருந்துப் பீப்பாய் அல்ல. ஆவணி முடிவதற்குள், வெயில் இருக்கும்போதே, ஆளை ஏற்றி ஓடு மாற்றிவிட வேண்டும். உடைந்த நாட்டோட்டுக்கு ஈடாகப் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் நல்ல ஓடு கிடைக்கும். முற்றத்து வாய்க்காலில் அடைத்த சருகை எடுத்து, ஒரு குடம் நீர் ஊற்றி ஓட்டம் பார்க்க வேண்டும். காவல்காரருக்கு மாதச் சம்பளத்தோடு ஒரு டார்ச்சு விளக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்து, எந்த அறையின் எந்தச் சுவரில் எந்தத் தேதியில் மண்குழாய் கண்டார், உடைத்த இடம் மறுநாள் மூடியதா என்று எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். மருந்து தேவையா, தேவையானால் எந்தச் சுவருக்கு எவ்வளவு என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.